சவரக்கத்தி: வேரும் கூரும்

'சவரக்கத்தி' என்கிற சொல்லைப் பிளந்தால் இரண்டு துண்டு விழுகிறது. 'கத்தி' என்பது தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கிலும் புழங்குகிற சொல். 'சவரம்' என்பது வடமொழி 'க்ஷௌரம்' தமிழ் வாயில் விழுந்து உருமாறியது. அதற்கும் அடியில் கிடப்பது 'க்ஷுர'. மயிரை மழிக்கிற கத்தி என்று பொருள். ரிக் வேதத்திலேயே இருக்கிற சொல். பாலியில் 'குர'. கிரேக்க மொழியில் இதே கருவிக்கு 'க்ஸுரோன்' என்று பெயர். இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்த சொற்கள் என்று மொழியியல்காரர்கள் சொல்கிறார்கள். ஆக, நோண்டிப் பார்த்தால் சவரக்கத்தி என்பது 'கத்தி வேலைக்கான கத்தி'. அவ்வளவுதான். இதில் எங்கேயும் இழிவு இல்லை. இழிவு இந்தச் சொல்லுக்குள் எந்த வழியாக வந்தது என்பதுதான் என் கேள்வி.

கேள்வி சும்மா வரவில்லை. நம்ம பிள்ளைகள் கூடிப் பேசுகிற இடங்களில் ஒரு வாதம் அடிக்கடி நடக்கிறது. 'அம்பட்டன்' என்று சொல்லக்கூடாது, 'நாவிதர்' என்று சொல்லணும். அதுவும் கூடாது, 'சவரத் தொழிலாளி'. அதுவும் வேணாம், 'முடிதிருத்துநர்'. 'மருத்துவர்' என்று சொல்லுவதுதான் வரலாற்று நியாயம் என்று ஒருத்தர் எழுந்திருப்பார். தனித்தமிழ் அன்பர் ஒருத்தர் 'சவரம்' வடசொல்லாச்சே, 'மழிப்புக் கத்தி' என்று திருத்துவார். எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த வாதத்தின் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: சொல்லின் வேர் சுத்தமாக இருந்துவிட்டால், அந்தச் சொல்லைச் சுமக்கிற மனுஷனுக்கும் மானம் திரும்பிவிடும் என்கிற நம்பிக்கை. இதைத்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் வடசொல் பக்கமே நிற்போம். 'க்ஷுர' என்கிற அந்த வேருக்கு இன்னொரு பிள்ளை உண்டு. 'க்ஷுரிகா', 'சுரிகா' – சின்னக் கத்தி. இதுதான் தமிழில் 'சுரிகை' ஆனது. பழைய இலக்கியங்களில் வீரன் இடுப்பில் செருகியிருக்கிற குறுவாள். மலையாளத்தில் வடக்கன் பாட்டுச் சேகவர் கையில் பிடித்து அங்கம் வெட்டுகிற 'சுரிக'. அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருத்தன் ராஜா வீட்டு வாசலில் உறைக்குள் படுத்தான். இன்னொருத்தன் நாவிதனின் அடைப்பத்துக்குள் படுத்தான். இரும்பு ஒன்று, வேர் ஒன்று, கூர் ஒன்று. கழுத்தை அறுத்த கத்திக்குப் பரணி பாடினார்கள். கழுத்தில் கீறல் விழாமல் மயிரை மட்டும் எடுத்த கத்தியைத் தொட்டால் குளிக்கணும் என்றார்கள். கொல்லுகிற கை உயர்வு, பணிவிடை செய்கிற கை தாழ்வு என்பது எந்த அகராதியில் இருக்கிறது? வேரில் இல்லை. வேர் இரண்டுக்கும் பொது.

சரி, வடசொல்தான் வில்லங்கம், தமிழ்ச் சொல் காப்பாற்றும் என்று பார்ப்போமா? தமிழில் இந்த வேலைக்குச் சொந்தச் சொல் 'சிரைத்தல்'. அசல் திராவிடச் சொல். தமிழில் சகரத்தில் தொடங்குகிற சொற்கள் சில கன்னடத்தில் ககரத்தில் தொடங்கும். செவிக்குக் 'கிவி', செய்வதற்குக் 'கெய்'. அந்தக் கணக்கில் 'சிரை'க்குக் கன்னடத்தில் 'கெரெ'. சொறிவது, சுரண்டுவது, மழிப்பது. குற்றமற்ற சொல். இன்றைக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அந்தச் சொல் எப்படிக் காதில் விழுகிறது? "என்னாத்த செரைச்ச?" "போயி செரை." "அங்க என்ன செரைச்சிகினு இருக்கியா?" வேலை ஒன்றும் நடக்கவில்லை என்றால் சிரைத்தாய். உருப்படாமல் போனால் சிரைக்கப் போ. ஆனால் வடமொழியிலிருந்து வந்த 'சவரம்' மரியாதையான சொல். சலூன் பலகையில் எழுதலாம், பாடப்புத்தகத்தில் போடலாம். தமிழ்ச் சொல் வசை, வடசொல் நாகரிகம். அப்போ வடமொழி வந்துதான் தமிழைக் கெடுத்தது என்கிற சுலபமான கதையும் இங்கே உதவவில்லை. கெட்டுப்போனது நம்ம வாய்ச்சொல்தான். கெடுத்தது மொழி அல்ல.

ஒரே செயலுக்குத் தமிழில் எத்தனை வினைச்சொல் இருக்கிறது, எந்தத் தலைக்கு எந்தச் சொல் என்று கவனியுங்கள். துறவி தலைக்கு 'மழித்தல்'. திருக்குறள் துறவுக்கோலத்தைப் பற்றிப் பேசுகிறபோது இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறது. பக்தன் தலைக்கு 'முடி இறக்குதல்', 'முடி காணிக்கை'. பழனியிலும் திருப்பதியிலும் அதே கத்தி, அதே தண்ணி, அதே மயிர். ஆனால் அது புண்ணியம். உத்தியோகஸ்தன் முகத்துக்குச் 'சவரம்'. இந்த மூன்றையும் செய்து கொடுக்கிறவனின் வேலைக்கு மட்டும் 'சிரைக்கிறது'. மழித்துக் கொள்கிறவனுக்கு ஒரு சொல், மழித்து விடுகிறவனுக்கு வேறு சொல். செயல் ஒன்றுதான். யார் உட்கார்ந்திருக்கிறான், யார் குனிந்திருக்கிறான் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

இதே ககர சகரக் கணக்கில் இன்னொரு சொல் இருக்கிறது. அது நம்மைச் சேர்ந்தது. கன்னடத்தில் 'கேரி' என்றால் தெரு. யாரும் வசிக்கலாம். தமிழில் அதுவே 'சேரி'. பழந்தமிழிலும் அது பொதுச்சொல்தான். 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உத்திரமேரூர்ப் பிராமணச் சபை குடவோலைத் தேர்தல் நடத்திய கல்வெட்டில், அந்தப் பிராமண ஊரின் பகுதிகளுக்கே சேரி என்றுதான் பெயர். 12 சேரி, 30 குடும்பு. அடுத்த நூறு வருஷத்துக்குள் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்று பிரித்துப் பொறித்திருக்கிறார்கள். பிறகு அடைமொழி தேவைப்படவில்லை. சேரி என்றாலே நாம் என்றாயிற்று. ஆனால் 'புதுச்சேரி' என்று சொல்லுகிறபோது எவனாவது மூக்கைப் பொத்துகிறானா? 2006இல் 'பாண்டிச்சேரி' போய்ப் 'புதுச்சேரி' அதிகாரப்பூர்வப் பெயரானது. புதிய சேரி. மாநிலப் பெயருக்கு வால்பக்கம் சேரி இருக்கலாம், அதில் வசிக்கிறவன் சேரிக்காரனாக இருக்கக் கூடாது. சொல் ஒன்று, வேர் ஒன்று. மானம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

நான் சுத்துக்கேணிப் பக்கத்து ஆள். எங்கள் மண்ணைத் தோண்டியிருக்கிறார்கள். பிரெஞ்சு அகழ்வாய்வாளர் கசால் தம்பதியர் வீராம்பட்டினம், முத்திரப்பாளையம், சுத்துக்கேணி மூன்று இடத்துக் குழிகளையும் பற்றி 1956இல் பாரீசில் புத்தகம் போட்டார்கள். சுத்துக்கேணியில் பெருங்கற்காலப் புதைகுழிகள். அதில் கிடைத்த தங்க நகைகள் ஆராய்ச்சிக்காரர்கள் மத்தியில் பேர் பெற்றவை. அந்தக் காலத்துக் குழிகளில் இரும்புக் கத்திகளும் கிடைப்பது தென்னிந்தியா முழுக்க வழக்கம். ஒரு கத்தியைத் தோண்டி எடுத்தால் அதன் நீளம் தெரியும், துரு தெரியும், இரும்பை எப்படி உருக்கினான் என்று கூடத் தெரியும். அதை யார் யாருக்குப் பிடித்தான், பிடிக்க மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருந்ததா என்பது தெரியாது. சொல்லைத் தோண்டுவதும் இப்படித்தான். வேர்ச்சொல் ஆராய்ச்சி நமக்குப் பொருளைக் கொடுக்கும், உறவைக் கொடுக்காது.

இதற்காக வேர் தேடுவது வீண் என்று சொல்லிவிட முடியாது. அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914 வரை 'தமிழன்' பத்திரிகையில் செய்தது பெரும்பாலும் சொல்லுக்கு மறுபொருள் சொல்லுகிற வேலைதான். எதிரி நமக்குச் சூட்டிய பெயர்களை அவர் பௌத்த வரலாற்றில் வைத்துத் திருப்பிப் படித்தார். அது அகராதி வேலை அல்ல, போர். எதிரி எழுதிய பூர்வீகம் ஒன்றுதான் பூர்வீகம் என்பதை உடைக்கிற வேலை. உடைப்பதற்கு வேர் உதவும். ஆனால் உடைத்த இடத்தில் குடியிருக்க அது உதவுமா?

சவரத் தொழிலாளர் சமூகத்தின் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நாவிதன்' என்பது வடமொழி 'நாபித'. குளிப்பாட்டுகிறவன் என்ற பொருளுடைய 'ஸ்நாபித' என்பதிலிருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் யூகிக்கிறார்கள். நம்ம ஊரில் 'நா விதம் விதமாகப் பேசுகிறவன்' என்று விளக்கம் சொல்லுவார்கள். 'அம்பட்டன்' என்பதை 'அம்பஷ்ட' என்கிற சொல்லோடு சேர்ப்பார்கள். மனு அந்த அம்பஷ்டனைப் பிராமண அப்பனுக்கும் வைசிய அம்மாவுக்கும் பிறந்த கலப்பு என்று எழுதி, வைத்தியம் அவன் தொழில் என்கிறான். பாலி நூலில் அதே பெயர் 'அம்பட்டன்'. ஆனால் அங்கே அவன் பிராமணப் பையன். சாக்கியர்களைக் கீழ்சாதி என்று புத்தரிடமே வாயாடுகிறான். உன் குலமே ஒரு அடிமைப் பெண்ணின் பிள்ளையிலிருந்து வந்ததுதானே என்று புத்தர் கேட்டதும் வாயடைத்துப் போகிறான். ஒரே சொல், ஒரு நூலில் பிராமணன், ஒரு நூலில் வைத்தியன், நம்ம ஊரில் வசை.

வைத்தியன் என்பதும் வெறும் பெருமைப் பேச்சு அல்ல. கட்டி கீறுவதும் புண் அறுப்பதும் அந்தக் கத்திதான். பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகள் பலர் அந்த வீட்டுப் பெண்கள்தான். ஊரில் பாதிப் பேர் தலை முதலில் பட்டது அவர்கள் கையில். ஆகவே 'மருத்துவர்' என்று பெயர் வைத்துக்கொண்டது நியாயம். ஆனால் பெயர் மாறியதும் கட்டளை மாறியதா? கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூப்பிட்ட நேரத்துக்கு வரணும், அறுவடையில் களத்துமேட்டில் நின்று கொடுத்ததை வாங்கிக்கணும், ஊர்க்காரன் திண்ணையில் உட்காரக் கூடாது என்கிற கட்டளை? எங்கள் புதுச்சேரிக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சாதி வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம், புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். நம்ம ஆட்கள் பலர் போனார்கள், பெயர் வாங்கினார்கள். பதிவேட்டில் பெயர் மாறியது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் பதிவேடு நகரத்தில் இருந்தது. கத்தி கிராமத்தில் இருந்தது.

சென்னையில் ஒரு வாராவதிக்கு நேர்ந்ததையும் சொல்லணும். 'ஹாமில்டன்' என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தான். ஜனங்கள் வாயில் அது 'அம்பட்டன் வாராவதி' ஆனது. பிறகு அதையே திரும்ப மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று இங்கிலீஷில் எழுதினார்கள். கடைசியில் 'அம்பேத்கர் பாலம்' என்று பெயர் மாற்றினார்கள். ஒரு நாவிதரும் இல்லாமல் ஒரு பாலம் நாவிதர் பாலமாகிவிட்டது. சொற்கள் இப்படித்தான் பயணம் போகின்றன. அதன் பின்னாலேயே போய் நியாயம் கேட்டால் நாமும் பாலத்தின் மேலேயே நிற்க வேண்டியதுதான்.

ஆகவே வேரை விட்டுக் கூருக்கு வருவோம். கத்தியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்' என்பதல்ல. இந்தக் கத்திக்கு யார் உத்தரவு போடுகிறான்? இது யாருக்கு மாட்டேன் என்கிறது?

அம்பேத்கர் தன் சின்ன வயசைப் பற்றி எழுதுகிறபோது இதைச் சொல்லியிருக்கிறார். சாத்தாராவில் நாவிதர்களுக்குப் பஞ்சமில்லை, காசு கொடுக்கவும் குடும்பத்தால் முடியும். ஆனால் ஒருத்தரும் அந்தத் தலையைத் தொடமாட்டார். பிள்ளைகளுக்கு முடிவெட்டியது அக்காதான். வெட்டி வெட்டியே கை தேர்ந்துவிட்டது. பின்னாளில் அரசியல் சட்டம் எழுதப்போகிற தலைக்கு ஊர்க் கத்தி மறுத்தது. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சேவை மறுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1955இல் வந்தது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களுக்குப் போய் 2001-02இல் நடத்திய ஆய்வு, 2006இல் புத்தகமாக வந்தபோது, அதில் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுப்பது தனி இனமாகவே பதிவாகியிருந்தது. டீக்கடையில் இரட்டைக் குவளை மாதிரி, நமக்கென்று தனிக் கத்தி, தனித் துண்டு வைத்த இடங்களும் உண்டு.

'சலூன்' என்கிற சொல்லின் பூர்வீகத்தைப் பாருங்கள். பிரெஞ்சு 'சலோன்', இங்கிலீஷ் வழியாக நம்மிடம் வந்தது. பெரிய வீட்டில் விருந்தாளியை உட்காரவைத்து உபசரிக்கிற கூடம் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்ணிலேயே அந்த வரவேற்பறையில் நமக்கு நாற்காலி இல்லை. திராவிட இயக்கக் காலத்தில் சலூன்கள் படிப்பகமாக இருந்தன, பத்திரிகை வாசித்து அரசியல் பேசுகிற இடமாக இருந்தன என்று பெருமையாகச் சொல்லுவார்கள். உண்மைதான். உள்ளே சமத்துவம் சத்தமாக வாசிக்கப்பட்டது. தெருவில் நின்றால்கூடக் கேட்கும்.

கத்தி எப்படிக் கூராகிறது? முதலில் சாணைக்கல், பிறகு தோல்வார். பிளேடு மாட்டுகிற கத்தி வருவதற்கு முன்னால் ஒவ்வொரு நாவிதர் கையிலும் ஒரு தோல்வார் இருக்கும். அதில் இப்படியும் அப்படியும் இழுத்தால்தான் மயிரைப் பிடிக்கிற கூர் வரும். அந்தத் தோல் யார் உரித்தது, யார் பதப்படுத்தியது? நம்ம சனம். நம் கை பட்ட தோலில்தான் கத்திக்குக் கூர் ஏறியது. கூர் ஏறியதும் நம் தலைக்கு வராது என்றது. தோலில் தீட்டு இல்லை, தலையில் தீட்டு. தீட்டு என்பது பொருளில் ஒட்டியிருப்பது அல்ல, வரிசையில் நிற்க வைப்பதற்கு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த நாவிதர் மட்டும் குற்றவாளியா? அவரும் திண்ணையில் ஏறாதவர்தான். 2020இல் மைசூரு மாவட்டம் நஞ்சன்கூடு தாலுகாவில், தலித்துகளுக்கு முடிவெட்டினார் என்பதற்காக ஒரு நாவிதரை ஊரைவிட்டு ஒதுக்கி, 50,000 ரூபாய் அபராதம் கேட்டார்கள் என்று செய்தி வந்தது. மறுக்கிற கையும் அவர் கை, உத்தரவு அவருடையது அல்ல. அம்பேத்கர் 'படிநிலைச் சமத்துவமின்மை' என்று சொன்னது இதைத்தான். மேலே வாங்கிய உதையைக் கீழே கொடுக்க ஒருத்தன் இருக்கிறவரை படி ஆடாது. இதை நாவிதரைப் பார்த்துச் சொல்லுவது சுலபம். நம்மைப் பார்த்துச் சொல்லுவதற்கு இனி வருகிறேன்.

ஊர்க் கத்தி வராத எங்கள் தெருவில் தலைக்கு முடி வெட்டாமலா இருந்தார்கள்? அப்பா காலத்தில் வெட்டியவர் புதிரை வண்ணார். நம்ம துணியை வெளுத்தவரும் அவர், தலையைச் சிரைத்தவரும் அவர், சாவுக்கு முன்னால் நின்றவரும் அவர். புளியமரத்தடியில் குந்தவைத்து, தண்ணியைத் தொட்டுத் தடவி, மடக்குக் கத்தியால் இழுப்பார் என்று அப்பா சொல்லுவார். கூலி என்று ஒன்று கிடையாது. ராத்திரி வீட்டுக்கு வீடு வந்து சோறு வாங்கிப் போகணும். அரைக்கால் சட்டைப் பையன்கூட அவரை 'வாடா போடா' என்பான். அவர் அந்தப் பையனைச் 'சாமி' என்பார். ஊர்த் தெருவில் எந்தச் சொல்லால் நம் அப்பன்கள் கூனிப்போனார்களோ, அதே சொல்லை நம் தெருவில் ஒரு மனுஷர் நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். புதுச்சேரியின் பட்டியல் சாதிகளில் அவர்கள் பெயரும் நம் பெயரோடுதான் இருக்கிறது. பட்டியலில் பக்கத்தில், தெருவில் கடைசியில். இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' நாவலில் இதை எழுதியபோது நம்மில் எத்தனை பேர் கோபப்பட்டோம் என்பது இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நினைவிருக்கும். வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்றார்கள். அந்த வண்ணார் நம் வீட்டுக்குள் எப்போது வந்தார், வீட்டுச் சண்டை என்று சொல்ல?

90களில் தலித் எழுத்து ஒரு காரியம் செய்தது. சேரி வசைகளை, 'ஆபாசம்' என்று ஒதுக்கிய சொற்களை, கூச்சமில்லாமல் அச்சில் ஏற்றியது. ராஜ் கௌதமன் 1993இல் 'தலித் பண்பாடு' எழுதிய காலம். மேல்சாதி அழகியலுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, அது தேவையாகவும் இருந்தது. ஆனால் ஆயுதமாக எடுக்கிற சொல்லுக்கும் கத்தி மாதிரிக் கூர் உண்டு. அது எந்தப் பக்கம் அறுக்கிறது என்று பார்க்கணும். "மந்திரி என்னாத்த செரைச்சாரு?" என்று மேடையில் கேட்டால் கைத்தட்டல் விழும். மந்திரிக்கு ஒரு கீறலும் விழாது. கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற சவரத் தொழிலாளியின் மகனுக்குத்தான் அறுக்கும். கலைவாணன் இ.எம்.எஸ். தன் கவிதைத் தொகுதிக்கு 'ஒரு சவரக்காரனின் கவிதை மயிருகள்' என்று பெயர் வைத்தார். அது வேறு. சொல்லைச் சுமந்தவன் அதைக் கையில் எடுத்துத் திருப்புகிறான். நாம் மேடையில் செய்வது, இன்னொருத்தன் முதுகில் இருக்கிற கல்லை எடுத்து மூன்றாமவன் மேல் எறிவது. கல் எங்கே விழுந்தாலும் முதுகு அவனுடையது.

அப்படியானால் இந்தச் சொல்லுக்கு மானம் எப்படித் திரும்பும்? இரண்டு பழைய செய்தி இருக்கிறது.

1890இல் பம்பாயில் சத்தியசோதக சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே நாவிதர்களைக் கூட்டினார். மேல்சாதியில் புருஷன் செத்தால் பெண்ணின் தலையை மழிக்கிற வழக்கம். மழிக்கச் சொல்லுகிறவன் பிராமணன். மழிக்கிற கை நாவிதருடையது. அந்தக் கை, 'இந்தப் பாவத்துக்கு நாங்கள் கத்தி பிடிக்க மாட்டோம்' என்று சொன்னது. காசுக்கான சண்டை அல்ல. தன்னைத் தொட்டால் தீட்டு என்று நினைக்கிற வீட்டுப் பெண்ணின் தலைக்காக அந்தக் கை மறுத்தது. கத்தி மறுப்பதில் இரண்டு வகை இருக்கிறது. உத்தரவுக்குப் பயந்து, தனக்குக் கீழே இருக்கிற தலையை மறுப்பது ஒன்று. உத்தரவையே மறுப்பது இன்னொன்று. முதலாவது சாதியைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது அதன் கையை முடக்குகிறது.

இன்னொன்று உபாலி. சாக்கியரின் நாவிதர். சாக்கிய இளவரசர்கள் சங்கத்தில் சேரப் போனபோது, எங்களுக்கு முன்னால் இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தரிடம் கேட்டார்கள். முதலில் சேர்ந்தவர் மூத்தவர். அவருக்குப் பின்வந்தவர் வணங்கியாக வேண்டும். எங்கள் குலத்திமிர் அப்போதுதான் அடங்கும் என்றார்கள். புத்தர் சம்மதித்தார். இளவரசர்கள் தங்கள் நாவிதர் காலில் விழுந்தார்கள். பிறகு ராஜகிருகத்தில் முதல் சங்கம் கூடியபோது விநய ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அந்த உபாலிதான். பௌத்த மரபில் பிக்கு வைத்துக்கொள்ளக்கூடிய எட்டுப் பொருள்களில் சவரக்கத்தியும் ஒன்று. தலையை மழிக்க ஒரு சாதி வேண்டாம் என்றாகிவிட்ட இடம் அது. அங்கே உபாலியின் பெயரை மாற்றினார்களா? அவர் தொழிலுக்கு உயர்ந்த வேர்ச்சொல் கண்டுபிடித்தார்களா? வரிசையை மாற்றினார்கள்.

சங்க இலக்கியத்திலும் ஒரு துண்டு கிடக்கிறது. பொருநராற்றுப்படையில் பாடினியின் காதழகைச் சொல்ல, மயிர் கத்தரிக்கிற கருவியின் கைப்பிடி வளையம் உவமையாக வருகிறது. காதல் கவிதையில் ஒருத்தன் இன்றைக்கு அப்படி எழுதினால் அந்தப் பெண் அடிக்க வருவாள். கருவி அன்றைக்கும் கருவிதான். அப்போது அதற்கு உவமையில் இடம் இருந்தது. இடம் போனது சொல்லின் தவறால் அல்ல.

எங்கள் பக்கத்திலும் நம்ம தெருப் பையன்கள் இப்போது முடிவெட்டக் கற்றுக்கொண்டு கடை போடுகிறார்கள். சுழல் நாற்காலி, கண்ணாடி, மெஷின், பிளேடு மாட்டுகிற கத்தி. சிலருக்கு வீட்டில் எதிர்ப்பு: "படிச்சிட்டுப் போயி செரைக்கவா போற?" அந்தக் கேள்வியில் ஊர்க்காரன் குரல் அப்படியே இருக்கிறது. பையன்கள் கேட்காமல் கத்தியை எடுத்தது நல்லது. பலகையில் 'ஹேர் ஸ்டைல்' என்று எழுதட்டும், 'சலூன்' என்று எழுதட்டும், 'முடி திருத்தகம்' என்று எழுதட்டும். எனக்கு அதில் அக்கறை இல்லை. அந்தக் கடைக்கு ஊர்த் தெரு ஆள் வந்தால் உட்கார வைப்பார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. நம் தெருவின் கடைசி வீட்டுப் புதிரை வண்ணார் பையன் வருகிறபோது, அவனுக்கும் அதே நாற்காலி, அதே துண்டு, 'வாங்க, குந்துங்க' என்கிற அதே சொல் கிடைக்கிறதா என்று நான் போய்ப் பார்க்கிறேன். தோழர்கள் அவரவர் ஊரில் போய்ப் பாருங்கள்.